பச்சை எரிந்தால் நிறைந்தது

அத்தியாயம் 6

“அஞ்சரை மணித்தியாலம்,” என்றேன்.

“ஒரு மணித்தியாலம்,” என்றார் சார்ஜன்ட்.

மேசையில் கிடந்த தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இது லிதியம் பற்றரி. ஒரு மணித்தியாலத்திலை நிறையுது. ஸ்கூட்டியிலை இருக்கிறதும் லிதியம் பற்றரி. பிறகென்ன?”

“சேர், செம்பிலையும் தண்ணிதான், அடி காணாத நிலாவரைக் கிணத்திலையும் தண்ணிதான்,” என்றாள் நிவேதனா.

நிவேதனா என் மாமாவின் மகள். கலியாண மண்டபங்களில் அறிவிப்பாளர். மண்டபம் இல்லாத நாட்களில் என்னோடு துப்பறிய வருவாள். மைக் இல்லாவிட்டாலும் அந்த வாய் சும்மா இருக்காது.

சார்ஜன்ட் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மின்விசிறி அவர் பக்கம் மட்டும் திரும்பி நின்றது. எங்களுக்கு வேர்வை.

வழக்கு இதுதான். குருநகர் கிறிஸ்ரி, மின்சார ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி கட்டிக் கோப்பாய்ப் பக்கம் மீன் விற்கிறவன். போன கிழமை ஒருநாள் கோப்பாயில் வைத்துப் பற்றரி முழுக்க இறங்கிவிட்டது. வழமையாக அவனிடம் மீன் வாங்கும் செல்வநாயகி அம்மா வீட்டுக் கிணற்றடியில் ஒரு மோட்டர் கொட்டில் உண்டு. பின்னேரம் மூன்றரைக்கு அங்கே சார்ஜில் போட்டுவிட்டு, சந்தி பஸ் தரிப்பிடத்து வாங்கில் போய்ப் படுத்துவிட்டான். விடியப்புறமே கடற்கரைக்குப் போகிறவனுக்கு வாங்கென்ன, வரம்பென்ன. ஆறு மணிக்கு வந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டான். இடையில், ஐந்தே காலுக்கு, நீர்வேலி வீதியில் சத்தமில்லாத சிவப்பு ஸ்கூட்டி ஒன்று பத்மாவதி ரீச்சரை இடித்து விழுத்திவிட்டு நிற்காமல் போயிருந்தது. ரீச்சர் இடுப்பெலும்பு உடைந்து பெரியாஸ்பத்திரியில். கிறிஸ்ரியின் ஸ்கூட்டி சிவப்பு. கிறிஸ்ரி மறியலில், கம்பிக்குப் பின்னால்.

நாளைக்குப் பிணை விசாரணை. புதிதாக ஒன்றும் இல்லாவிட்டால் வாயைத் திறந்து பிரயோசனம் இல்லை என்று அவனுடைய லோயர் சொல்லிவிட்டார். அந்தப் புதிய ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் கிறிஸ்ரியின் மனிசி ஜெனிற்றா என்னிடம் வந்திருந்தாள்.

“தங்கச்சி, நீங்கள் படிச்ச பிள்ளை. நான் விளங்கப்படுத்துறன்,” என்றார் சார்ஜன்ட். படித்த பிள்ளை என்று சொல்லிக்கொண்டு விளங்கப்படுத்த வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. “அஞ்சு மணிக்குச் சார்ஜரிலை பச்சை எரிஞ்சதைச் செல்வநாயகி அம்மா கண்டிருக்கிறா. பச்சை எரிஞ்சால் நிறைஞ்சுது. நிறைஞ்ச ஸ்கூட்டியை இவன் எடுத்திருக்கிறான். நீர்வேலிக்கு ஓடியிருக்கிறான். இடிச்சிருக்கிறான். திரும்பக் கொண்டுவந்து விட்டிட்டு, நித்திரை கொண்டனான் எண்டு கதை விடுறான்.”

“ரீச்சர் பின்னாலை பெட்டி கண்டவாவோ?”

“பெட்டியைக் கழட்டி வைச்சிருப்பான்.”

“கழட்டினதை ஆர் கண்டது?”

“ஆறு மணிக்கு நிறைஞ்ச பற்றரியோடை வெளிக்கிட்டவன், கல்வியங்காட்டிலை ஏன் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன்? நாலு பேர் கண்டிருக்கினம். இடையிலை ஓடாட்டிப் பற்றரி எப்பிடி முடியும்?”

நான் கணக்குக்கே திரும்பினேன். “சேர், தோட்டத்துத் தொட்டி நிறைய எவ்வளவு நேரம் எடுக்கும்? தொட்டி எவ்வளவு பிடிக்கும், மோட்டர் மணித்தியாலத்துக்கு எவ்வளவு இறைக்கும், ஒண்டை மற்றதாலை பிரிச்சால் வந்திடும். வெளியிலை நிக்கிற கிறிஸ்ரியின்ரை ஸ்கூட்டியிலை நான் பாத்தனான். பற்றரி இருபது அம்பியர்-மணி. சார்ஜர் நாலு அம்பியர் எண்டால் அஞ்சு மணித்தியாலம். கடைசியிலை போத்திலின்ரை கழுத்துக்கு எண்ணெய் விடுற மாதிரி மெதுவாய்த்தான் ஏறும். அதுக்கு இன்னொரு அரை. ஒண்டரை மணித்தியாலத்திலை நிறைய வழியே இல்லை.”

“சார்ஜர் நாலு அம்பியர் எண்டு ஆர் சொன்னது?”

“கடையிலை அப்பிடித்தான் குடுக்கிறவை.”

“நீங்கள் அந்தச் சார்ஜரைக் கண்டனீங்களோ?”

காணவில்லை. அந்த ஆள் அன்று முழுவதும் கேட்டதில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

“பெரிய சார்ஜர் எண்டால் கெதியா நிறையும். விசயம் தெரிஞ்ச பெடியன் ஒருத்தனிட்டையும் நான் கேட்டனான்,” என்று சொல்லிக்கொண்டே வழக்குக் கோப்பை மூடினார். “தங்கச்சிக்குக் கவுண்மேந்து வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

“கிடைச்சிருந்தால் உந்தக் கதிரையிலை இருந்திருப்பா, சேர்,” என்றாள் நிவேதனா.

நான் அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

* * *

குருநகரில் ஜெனிற்றா வீட்டில் கறண்ட் இல்லை. வேலை நடக்கிறது, பின்னேரம்தான் வரும் என்றாள். சமையல்கட்டு வாசலில் இருந்து, பக்கத்து வீட்டுக்காரரின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவள், சார்ஜர் என்றதும் எழும்பி அலுமாரிக்கு மேலே கையை விட்டாள். கடைப் பைக்குள் சுற்றி ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பேக்கரிப் பாணளவுதான் இருக்கும்.

“பொலிஸ் வந்து ஸ்கூட்டியைக் கொண்டுபோனது. இதைக் கேக்கேல்லை. நானும் குடுக்கேல்லை.”

பெட்டியின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை மீன் தண்ணீர் தின்றுவிட்டது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். ஒரு 4 தெரிந்தது. பக்கத்தில் A தெரிந்தது. 4க்கு முன்னால் தாள் உரிந்து கிடந்தது.

“நாலோ, பதினாலோ?” என்றாள் நிவேதனா.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நாலென்றால் கிறிஸ்ரிக்கு வாய்ப்பிருக்கிறது. பதினாலென்றால் ஒன்றரை மணித்தியாலத்தில் நிறைந்தே போகும். ஒருத்தனுடைய சீவியம் ஒரு விரல் நகமளவு தாளில் கிழிந்து கிடந்தது.

“பதினாலெண்டால் சூடு தாங்காது. உள்ளுக்கு விசிறி இருக்கும். செங்கல்லு மாதிரிப் பாரமாயும் இருக்கும்,” என்றேன். பெட்டியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன். விசிறியும் இல்லை, காற்றுப் போக ஓட்டையும் இல்லை.

“உதைச் சொன்னால் சார்ஜன்ட் நம்புவாரோ? தன்ரை போனுக்கு விசிறி இல்லை எண்டுவார்,” என்றாள் நிவேதனா.

“ஜெனிற்றா அக்கா,” என்றேன், “வீட்டிலை சார்ஜிலை போட்டால் நிறைய எவ்வளவு நேரமாகும்?”

“நேரம் ஆர் பாத்தது?” ஜெனிற்றா வலையை மடித்து வைத்தாள். “மத்தியானம் வந்து சாப்பிட்டிட்டு, சார்ஜிலை போட்டிட்டுப் படுப்பார். நாங்கள் செபமாலை சொல்ல இருக்கேக்கையும் மூலைக்குள்ளை சிவப்பு எரிஞ்சுகொண்டிருக்கும். சின்னவள் மாதா படத்தைப் பாக்காமல் உதையே பாத்துக்கொண்டிருப்பாள். செபமாலை முடிஞ்ச பிறகுதான் பச்சை.”

மத்தியானச் சாப்பாட்டிலிருந்து இரவு ஏழு மணிச் செபமாலை வரை. ஐந்தரை மணித்தியாலம் அல்லது அதற்கும் கொஞ்சம் கூட. பதினாலு அல்ல, நாலுதான். எனக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சைக் கொஞ்ச நேரமாவது வைத்திருக்கலாம். ஜெனிற்றா விடவில்லை.

“மறியலிலை பாக்கப் போகேக்கையும் அவர் உதைத்தான் கேட்டவர். ரெண்டரை மணித்தியாலம் போட்டனான், வீடு வந்து சேரத் தாராளமாய்க் காணும், ஏன் கல்வியங்காட்டிலை நிண்டது எண்டு.”

ஓட்டோவில் கோப்பாய்க்குப் போகும்போது அந்தக் கணக்கைத்தான் மனதுக்குள் போட்டேன். சார்ஜரை மடியில் வைத்திருந்தேன். எனக்கு ஒரு பக்கம் நிவேதனா, மறுபக்கம் ஜெனிற்றா. இரண்டரை மணித்தியாலம் ஏறினால் பற்றரி பாதி நிறையும். பாதியில் அந்த ஸ்கூட்டி இருபத்தைந்து கிலோமீற்றர் ஓடும். கோப்பாயிலிருந்து குருநகர் பத்துக் கிலோமீற்றரும் இல்லை. மீன் விற்று முடிந்த வெறும் பெட்டி. கல்வியங்காட்டில் நிற்க நியாயமே இல்லை.

ஐந்து மணிக்கு நிறையவில்லை என்று என் கணக்குச் சொல்கிறது. ஆறு மணிக்கு இருக்க வேண்டியதும் இருக்கவில்லை என்று அதே கணக்குச் சொல்கிறது. அப்படியென்றால் இடையில் யாரோ அந்தப் பற்றரியில் ஓடியிருக்கிறார்கள்.

இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

“மச்சாள்,” நிவேதனா என் காதுக்குள் குனிந்தாள். அவள் குசுகுசுத்தாலும் மண்டபத்தின் கடைசிக் கதிரைக்குக் கேட்கும். “எங்கடை ஆளே ஓடிப்போட்டு வந்திருப்பானோ?”

ஜெனிற்றா வெளியே பார்த்தபடி சொன்னாள்: “அவர் குடிப்பார். என்னட்டைப் பொய்யும் சொல்லுவார். ஒரு மனிசியை இடிச்சு விழுத்திப்போட்டு நிக்காமல் வரமாட்டார். உங்களுக்குச் சந்தேகமெண்டால் ஓட்டோவைத் திருப்பச் சொல்லுங்கோ.”

ஓட்டோ திரும்பவில்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. கணக்கு யாருக்கும் சாட்சி சொல்வதில்லை. அதுபாட்டுக்கு விடையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. மிச்சத்தை நாங்கள் கட்டியழவேண்டும்.

* * *

செல்வநாயகி அம்மா வீட்டுப் படலையோடு ஜெனிற்றா நின்றுவிட்டாள். “நான் உள்ளை வரேல்லை. அந்த அம்மாவைக் கண்டால் என்ரை வாய் பொறுக்காது.”

நானும் நிவேதனாவும் போனோம். செல்வநாயகி அம்மா விறாந்தையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். புருசன் இல்லை. ஒரே மகன் பிரவீணன். அம்மா எங்களைக் கண்டதும் சுளகைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரை காட்டினார்.

“நான் பொய் சொல்லமாட்டன் பிள்ளையள். கிறிஸ்ரி நல்ல பெடியன். சூடை மீன் வாங்கினால் ஒரு கை கூட அள்ளிப் போடுவான். ஆனால் கண்டதைக் கண்டனான் எண்டுதானே சொல்லவேணும்.”

“என்ன கண்டனீங்கள் எண்டதை எங்களுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ அம்மா.”

“அஞ்சு மணிக்கு, கொடியிலை கிடந்த உடுப்பு எடுக்கக் கிணத்தடிக்குப் போனனான். மோட்டர் கொட்டில் யன்னலாலை பச்சை வெளிச்சம் தெரிஞ்சுது. நிறைஞ்சிட்டுது, வந்து எடுக்கட்டும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்திட்டன்.”

“ஸ்கூட்டி நிண்டதோ?”

“நிண்டது. பெட்டியும் கிடந்தது.”

“பிறகு பாத்தனீங்களோ?”

“இல்லைப் பிள்ளை. விளக்கு வைக்கிற அலுவலுக்கு உள்ளை போட்டன்.”

அவ்வளவுதான். பொலிசுக்குச் சொன்னதையே ஒரு சொல் பிசகாமல் எங்களுக்கும் சொன்னார். பொய்சொல்லிகளை மடக்கலாம். உண்மை பேசுகிறவர்களை என்ன செய்வது?

நிவேதனா விறாந்தையின் மற்றப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கைச் சீலையால் முழுக்க மூடி ஒரு ஸ்கூட்டி நின்றது. “உது ஆற்றை அம்மா? குளிருக்குப் போத்துக்கொண்டு நிக்குது.”

“உது தம்பி பிரவீணனின்ரை. ஓடாது. பற்றரி பழுதாகி, கொழும்புக்கு அனுப்பி ஒரு மாதமாகுது. அடுத்த மாதம் கனடாவுக்குப் படிக்கப் போறான், அதுக்குள்ளை வந்து சேந்தால் விக்கலாம். அண்டைக்கும் பாவம், கொட்டிலடியிலை நிண்டு ஆரோ சிநேகிதனோடை போனிலை, ‘பற்றரி இறக்கியாச்சு’ எண்டு கதைச்சுக்கொண்டு நிண்டவன். பற்றரி இல்லாமல் ஒரு இடமும் வெளிக்கிடேலாமல் வீட்டோடை கிடக்கிறான்.”

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடாத ஸ்கூட்டியைப் பற்றி எனக்கென்ன? என் மடியில் கிடந்த சார்ஜரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜரே பழுது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. குருநகரில் கறண்ட் இல்லாததால் அதை ஒருதரமும் போட்டுப் பார்க்கவில்லை.

“அம்மா, உங்கடை கொட்டிலிலை இதை ஒருக்காப் போட்டுப் பாக்கலாமோ?”

“அதுக்கென்ன. வாங்கோ.”

கிணற்றடிக்குப் போகும்போது உள்ளேயிருந்து பிரவீணன் வந்து சேர்ந்துகொண்டான். இருபத்திரண்டு வயதிருக்கும். தலைமயிரை வடிவாக வெட்டி, வடிவாகச் சிரித்தான்.

“அக்காதானே உந்தச் சார்ஜ் கணக்குப் பாக்கிறது? சில பற்றரி ஒரு மணித்தியாலத்திலையும் நிறையும் அக்கா. சார்ஜன்ட் சேருக்கும் நான்தான் விளங்கப்படுத்தினனான்.”

விசயம் தெரிந்த பெடியன். அந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

“எந்தப் பற்றரி தம்பி? கிறிஸ்ரியின்ரை இருபது அம்பியர்-மணி. இந்தச் சார்ஜர் நாலு.”

“அது… பொதுவாச் சொன்னனான்.”

“பொதுவாச் சொல்லி ஒருத்தனை உள்ளை போட்டிட்டியள்.”

அவன் தோளைக் குலுக்கினான். கொட்டிலுக்குள் மோட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரே ஒரு பிளக் போடுமிடம். குனிந்து சார்ஜரைப் போட்டு சுவிச்சைத் தட்டினேன். ஸ்கூட்டிக்குப் போகவேண்டிய வயர் வெறுமனே என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பச்சை எரிந்தது.

சிவப்பே இல்லை. எடுத்த எடுப்பில் பச்சை. நான் சுவிச்சை நூர்த்தேன். திரும்பப் போட்டேன். பச்சை.

“பழுதாகிப்போச்சோ?” என்றார் செல்வநாயகி அம்மா.

“இல்லையம்மா, அது அப்பிடித்தான்,” என்றான் பிரவீணன். படிப்பிக்கிற ஆசை அவன் வாயை முந்திவிட்டது. “பற்றரி தொடுக்காமல் சும்மா போட்டாலும் பச்சைதான் எரியும். பற்றரியைத் தொடுத்தால்தான் சிவப்பு வரும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது கேட்டது.

பௌதிகத்தில் பட்டம் எடுத்தவள் என்று சொல்லிக்கொண்டு, பச்சை என்றால் நிறைந்தது என்று நானும் சார்ஜன்டோடு சேர்ந்து நம்பியிருக்கிறேன். பச்சைக்குப் பற்றரி நிறைந்ததா, பற்றரியே இல்லையா என்று தெரியாது. தன்னிடம் வாங்க ஆளில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

“அப்ப அண்டைக்கு அஞ்சு மணிக்கு அம்மா கண்டது நிறைஞ்ச பற்றரியை இல்லை,” என்றேன். “அந்த நேரம் ஸ்கூட்டி நிண்டது, பெட்டி கிடந்தது, சார்ஜர் எரிஞ்சது. பற்றரி மட்டும் அங்கை இல்லை. ஒண்டரை மணித்தியாலம் ஏறினதை ஆரோ கழட்டிக்கொண்டு போயிருக்கினம். அதிலை பாதிக்கு மேலை ஓடி முடிச்சுப்போட்டுத் திரும்பக் கொண்டுவந்து தொடுத்திருக்கினம். அதுதான் கல்வியங்காட்டிலை நிண்டது.”

“ஆரோ எண்டால்? வளவுக்குள்ளை ஆரும் வரலாம்தானே,” என்றான் பிரவீணன். “அக்கா, மதில்கூட ஒரு பக்கம் விழுந்துதான் கிடக்கு.”

அவன் சொன்னது சரி. எனக்கு மறுபடி ஆத்திரம் வந்தது. பற்றரி போனது தெரிகிறது, கொண்டுபோன கை தெரியவில்லை. நாளைக்கு லோயர் எழும்பி, யாரோ எடுத்தார்கள் என்று சொன்னால் நீதிவான் சிரிக்காமல் விட்டால் அதுவே பெரிய காரியம்.

“அம்மா,” என்றாள் நிவேதனா. அவள் குரலில் பகிடி இல்லை. “தம்பி அண்டைக்கு போனிலை என்னெண்டு சொன்னவர்? பற்றரி இறங்கிப்போச்சு எண்டோ?”

“இல்லைப் பிள்ளை. இறக்கியாச்சு எண்டு.”

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“என்ரை காது நல்லாத்தான் கேக்கும். ‘பற்றரி இறக்கியாச்சு.’ கொடிக்கும் கொட்டிலுக்கும் எவ்வளவு தூரம்?”

நிவேதனா என் பக்கம் திரும்பினாள். “மச்சாள், நீ கணக்கு மட்டும் படிச்சதாலைதான் இப்பிடி நிக்கிறாய். பற்றரி தன்பாட்டிலை முடிஞ்சால் இறங்கிப்போச்சு எண்டுதான் சொல்லுவினம். மழை பெய்யாட்டிக் கிணறு வத்திப்போச்சு எண்டுற மாதிரி. ஆள் நிண்டு, கை வைச்சு, செய்து முடிச்சால்தான் இறக்கியாச்சு. மூட்டையை இறக்கியாச்சு. சட்டியை அடுப்பாலை இறக்கியாச்சு.” பிரவீணனைப் பார்த்தாள். “அதோடை தம்பி, உங்கடை பற்றரி ஒரு மாதமாய்க் கொழும்பிலை. கொழும்பிலை கிடக்கிற பற்றரியைக் கோப்பாயிலை நிண்டு எப்பிடி இறக்கினனீங்கள்?”

பிரவீணனின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

செல்வநாயகி அம்மா எங்களை விட்டு நடந்தார். அவசரமில்லை. நாங்களும் பின்னால் போனோம். விறாந்தைக்குப் போய், படுக்கைச் சீலையின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். கிறிஸ்ரியின் ஸ்கூட்டியைப்போல அச்சொட்டாக ஒன்று, அதே பற்றரி பொருந்துகிற வகை. சிவப்பு. முன் மட்காட் வெடித்து, கறுப்பு ஒட்டுரேப் சுற்றிக் கிடந்தது.

“உது எப்ப வெடிச்சது?” என்று மகனைக் கேட்டார்.

“அம்மா, ரீச்சர் பாக்காமல் குறுக்கை இறங்கினவா…”

“நீ நிண்டனியோ?”

அவன் எங்களைப் பார்க்காமல், தாயின் பக்கத்தில் போய் நின்று, சின்னக் குரலில் சொன்னான்: “வழக்கெண்டால் விசா தரமாட்டாங்கள் அம்மா. நீங்கள் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. பச்சையைக் கண்டனீங்கள். அது உண்மைதானே. அதோடை விடுங்கோ. போனிலை கதைச்சதை ஆரும் உங்களிட்டைக் கேக்கேல்லை. மட்காட்டை நான் மாத்திப்போடுவன்.”

ஒரு வீட்டில் எவ்வளவு சுத்தமாக, ஒரு பொய்யும் இல்லாமல், இன்னொரு வீட்டு ஆளை மறியலில் வைத்திருக்கலாம் என்று இந்தப் பெடியன் கணக்குப் போட்டு முடித்துவிட்டான். அதிலும் பிழையில்லை. நாளைக்கு நான் கொண்டுபோகக் கூடியது ஒரு பச்சை வெளிச்சமும் ஒரு சொல்லும் மட்டும். அந்தச் சொல்லைக் கேட்ட காது இந்த அம்மாவுடையது. அவர் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றுமில்லை.

செல்வநாயகி அம்மா கதிரையில் இருந்தார். முருங்கையிலைச் சுளகை எடுத்து மடியில் வைத்தார். ஒரு காம்பை எடுத்தார், ஆயவில்லை.

“நான் யோசிக்கவேணும் பிள்ளை,” என்றார் என்னிடம். “நாளைக்கு விடிய வாங்கோ. நாளைக்குச் சொல்லுறன்.”

“அம்மா, நாளைக்குத்தான் பிணை…”

“விடிய எண்டுறன்தானே.”

படலை திறந்த சத்தம் கேட்டது. ஜெனிற்றா வந்துகொண்டிருந்தாள்; விறாந்தைக் கதை படலைக்கும் கேட்டிருக்கவேண்டும். செருப்பைக் கழற்றவில்லை. முற்றத்தைக் கடந்து விறாந்தைப் படியில் ஏறி, செல்வநாயகி அம்மாவுக்கு நேரே நின்றாள். ஸ்கூட்டியை ஒருதரம் பார்த்தாள். பிரவீணனைப் பார்க்கவே இல்லை.

“இண்டைக்கு வாங்கோ அம்மா,” என்றாள். “விடியுமட்டும் யோசிச்சியளெண்டால் நீங்கள் தாயாகிப் போவியள். நானும் ரெண்டு பெத்தனான். எனக்குத் தெரியும்.”

செல்வநாயகி அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நிவேதனா என் காலை மிதித்தாள்.

மடியிலிருந்த சுளகைக் கீழே வைக்க அவருக்கு நிறைய நேரம் எடுத்தது. எழும்பி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். திறக்காது என்றுதான் நினைத்தேன். அடுத்து என்ன செய்யலாம், யாரிடம் போய் யாருடைய காலைப் பிடிக்கலாம் என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பிரவீணனும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் ஒரே பயம், வேறு வேறு பக்கத்தால்.

கதவு திறந்தபோது அவர் வேறு சீலை உடுத்திருந்தார். மகனுடைய சேட் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

“உதைப் போடு. பனியனோடை வரேலாது.”

“அம்மா…”

“போடு எண்டுறன்.”

போட்டான். பொத்தான்களை மாறிப் பூட்டினான். தாய் அதைத் திருத்தவில்லை.

ஓட்டோவின் பின்சீற்றில் மூன்று பேருக்குத்தான் இடம். நானும் நிவேதனாவும் பஸ்ஸில் வருகிறோம் என்றேன். சார்ஜரை ஜெனிற்றாவிடம் கொடுத்தேன். செல்வநாயகி அம்மா ஏறி ஒரு ஓரமாக இருந்தார். பிரவீணன் அடுத்ததாக, தாயோடு ஒட்டிக்கொண்டு ஏறப்போனான். ஜெனிற்றா அவனைக் கையால் தள்ளி நிறுத்தினாள்.

பிறகு தான் ஏறி, தாய்க்கும் மகனுக்கும் நடுவில் இருந்துகொண்டாள். ஓட்டோக்காரர் பிறகு சொன்னபடி, பொலிஸ் வாசல் வரைக்கும் அந்த இரண்டு பேரையும் அவள் ஒரு சொல் கதைக்க விடவில்லை.